ரத்தம் நம்முடையது, ரிப்போர்ட் யாருடையது?

நெமிலிச்சேரியில் ரயிலேறி வேலைக்குப் போகும் தோழர் ஒருவர் சொன்னார்: கம்பெனியில் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை வியாதி என்று ரிப்போர்ட் வந்தது. அது அவர் கைக்கு வரவில்லை. மானேஜர் மேஜைக்குப் போயிற்று. மறுமாதமே "வேலையில்லை" என்றான் காண்ட்ராக்டர்.

"ரகசியம் காக்கத்தான் சட்டம் வந்துவிட்டதே!" என்கிறார்கள் டில்லி கனவான்கள். ஆம், வந்தது. 2023ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2025 நவம்பரில் விதிகள். அதிலிருந்து 18 மாதத்தில் முழு அமல். யாருக்குப் பாதுகாப்பு? 7ம் பிரிவைப் பாருங்கள்! வேலை சம்பந்தமான காரியத்துக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும் தொழிலாளியின் சம்மதமே வேண்டாமாம்!

ரகசியத்தைக் காக்கத் தவறினால் 250 கோடி வரை அபராதம். அது சர்க்கார் கஜானாவுக்கு! பாதிக்கப்பட்டவன் நஷ்டஈடு கேட்க இருந்த பழைய 43ஏ பிரிவையோ இச்சட்டம் ஒழிக்கிறது. பொய்ப் புகார் என்று முடிவானால் புகார் செய்தவனுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்!

எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிப் பாரபட்சமாக வேலைநீக்கம் செய்யக் கூடாது என்கிறது 2017ம் ஆண்டுச் சட்டம். அந்த நியாயம் காசநோய்க்கும் சர்க்கரைக்கும் ஏன் கூடாது?

ரிப்போர்ட் முதலில் தொழிலாளி கையில்! முதலாளிக்கு "வேலைக்குத் தகுதி" என்ற ஒரு வரி போதும்! கழனியை விட்டு ஆலை வாசலுக்கு வரும் விவசாயத் தொழிலாளிக்கும் இதுவே கோரிக்கை.

நீட்டுகிற சம்மதத் தாளில் கண்ணை மூடிக் கையெழுத்திடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம், சேர்ந்து போராடுவோம்!