அடுத்த தெருவுக்கு அமெரிக்கா வழியாக

கொட்டிவாக்கத்தில் வசிக்கும் ஒருவர், அடுத்த தெருக்காரர் நடத்தும் இணையதளத்தைத் திறக்க விரும்பினால், அவ்விருப்பம் 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போடப்பட்ட ஐ-டு-ஐ போன்றதொரு கடலடிக் கேபிளில் பிரயாணம் செய்து, அமெரிக்காவில் எங்கோ உள்ள சர்வரைத் தொட்டுத் திரும்ப நேர்வது, விஞ்ஞான விந்தையே எனினும், அநாவசியம் என்பதே என் அபிப்பிராயம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடியும், போய்வரக் கால் வினாடி வரை ஆகிறது; ஒரு பக்கத்துக்கே பலமுறை போய்வர வேண்டியிருப்பதால் தாமதம் பெருகுகிறது. (அதற்குப் பரிகாரமாகப் புதிய கைப்பேசி வாங்குவோரும் உண்டு!) மும்பையிலும், ஏன், நம் சிறுசேரியிலுமே தரவு மையங்கள் இருக்கின்றன. தளம் நடத்தும் அன்பர்களே, அடுத்த வருஷத்து வாடகையைக் கட்டுமுன், சர்வர் எந்த ஊரில் இருக்கிறதென்று விசாரியுங்கள்.