பாதையோரக் கொடியும் வழிப்போக்கரும்

உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் முந்திரிகைக்கும் போர்டோக் கலவை தெளித்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்துச் சேர்க்கும் அந்த நீல மருந்துக்குப் பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்டோ நகரின் பெயரே வழங்கி வருகிறது. அது பிறந்த இடம் ஒரு வீதியோரம்.

போர்டோவுக்கு வடக்கே மெடொக் என்ற முந்திரிகை நாட்டில், வழியால் போவோர் பழம் பறித்துத் தின்னாதபடி, வீதியோரக் கொடிகளுக்கு மட்டும் தோட்டக்காரர் செப்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்து பூசி வைப்பது வழக்கம். நஞ்சு என்று அஞ்சி எவரும் தொடமாட்டார்கள். 1882ஆம் ஆண்டு சென் ஜூலியன் ஊர் வழியே சென்ற தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, தோட்டத்தின் உட்புறக் கொடிகள் பங்கசு நோயால் இலையுதிர்ந்து நிற்க, வீதியோர வரிசைகள் மாத்திரம் பச்சையாய் நிற்பதைக் கண்டார். ஆராய்ந்து 1885இல் அதை உலகுக்கு அறிவித்தார். வழிப்போக்கரை விரட்டப் பூசிய பூச்சு, உலகத்து உழவருக்கு மருந்தாயிற்று.

இன்று அதே நாட்டில் வழிப்போக்கரை வருந்தி அழைக்கிறார்கள். அவர்கள் துவிச்சக்கர வண்டியில் வருகிறார்கள். முந்திரிகைத் தோட்டங்களுக்கு ஊடாகவும் ஆற்றங்கரை வழியாகவும் அவர்களுக்கென்றே பாதைகள் அமைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பாதை அதன் அருகே உழுது வாழும் குடும்பத்துக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை எண்ணிப் பார்ப்பது கிராம அபிவிருத்தியில் அக்கறையுள்ள எவருக்கும் பயன் தரும்.

பொதுச் சொத்து பொதுவாகவே நின்றது

கரோன், தொர்தோன் என்ற இரு ஆறுகள் போர்டோவுக்குக் கீழே ஒன்றுகூடி, சுமார் 75 கிலோமீற்றர் நீளமான ஜிரோந்த் பொங்குமுகமாக அத்திலாந்திக் கடலைச் சேர்கின்றன. மேற்குக் கரையில் மெடொக். கிழக்குக் கரையில் பூர், பிளாய் ஆகிய ஊர்கள். இரு ஆறுகளுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நாட்டை ‘இரு கடல்களுக்கு இடைப்பட்ட நிலம்’ என்பார்கள். கடலின் வற்றுப்பெருக்கு ஆறுகளுக்குள் வெகுதூரம் ஏறுவதால் வந்த பெயர் அது.

இந்த நடு நாட்டின் வழியே முன்னர் புகையிரதம் ஓடியது. புகையிரதம் நின்ற பின் அந்த நிலத்தைத் துண்டு போட்டு விற்றிருக்கலாம். பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கலாம். அப்படி நடக்கவில்லை. தண்டவாளம் இருந்த இடத்தில் சைக்கிள் பாதை போட்டார்கள். போர்டோவிலிருந்து சோவ்தேர் என்ற பழைய சந்தை ஊர் வரை 50 கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான பாதை அது. 1937இல் டூர் டி பிரான்ஸ் போட்டியில் வென்ற ரொஜே லாபெபியின் பெயரைச் சூட்டினார்கள். புகையிரதத்துக்காக வெட்டிய வழியாதலால் ஏற்றம் கடுமையில்லை. பழைய சுரங்கத்தினூடாகவும் வண்டி போகிறது. நிலையக் கட்டிடங்களிற் சில சாப்பாட்டுக் கடையாகவும் சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் இடமாகவும் மாறியுள்ளன.

தொடர்ச்சியான ஒரு நிலத் துண்டு ஒருமுறை கைமாறிச் சிதறினால் மீண்டும் சேர்ப்பது மிகக் கடினம். அதைச் சிதறவிடாமல் காத்ததே அங்குள்ளவர்கள் செய்த முதல் நற்செயல் என்பேன். இன்று அந்தப் பாதை, ருவாயான் துறைமுகத்திலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை செல்லும் நெடும் பயணப் பாதையின் ஒரு கண்ணியாக விளங்குகிறது.

மெதுவாகப் போகிறவனே நின்று வாங்குவான்

மெடொக்கின் பெரிய வீதியில் மார்கோ, சென் ஜூலியன், பொயாக் என்று புகழ்பெற்ற பெயர்கள் வரிசையாக நிற்கும். 1855இல் வகுத்த தரவரிசையில் இடம்பெற்ற மாளிகைகள் அவை. பஸ்ஸில் வருவோர் மாளிகை முற்றத்தில் இறங்கி, வைன் சுவைத்து, படம் பிடித்து ஏறிவிடுவார்கள். இடையிலுள்ள சிற்றூருக்கு எஞ்சுவது புழுதி.

சைக்கிளில் வருகிறவனின் கதை வேறு. அவனுக்கு வழியில் தண்ணீர் வேண்டும், பாண் வேண்டும், டியூப்புக்கு ஒட்டுப் போட ஆள் வேண்டும். மாலையானால் படுக்க இடம் வேண்டும். அறுபது எழுபது கிலோமீற்றரில் களைத்துப் போகிறவன் பெயர் தெரியாத ஊரிலும் இறங்கியே தீருவான். 1315இல் நிறுவப்பட்ட கிரெயோன் என்ற சிற்றூரில் புதன்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. பாதை அவ்வூருக்குள்ளே வருவதால் பயணி சந்தைக்குள் வருகிறான். பாதை ஊரை விலக்கிப் போயிருந்தால் அவன் பணமும் ஊரை விலக்கியே போயிருக்கும். பாதையைத் திட்டமிடுகிறவர்கள் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இது.

ஆனாலும் ஒன்று. அவன் இரண்டு போத்தலுக்கு மேல் வாங்க மாட்டான், சுமக்க இடமில்லை. ஆகவே அவனை நம்பித் தோட்டம் போட முடியாது. அறையொன்றை வாடகைக்கு விடுகிற, முட்டையும் பழப்பாகும் விற்கிற வீட்டுக்கு அவன் ஒரு கைச்செலவு. அதற்கு மேல் எதிர்பார்ப்பது ஏமாற்றம்.

அழகு என்பது உழைப்பு

பயணிகளுக்கான விளம்பரங்கள் இந்நாட்டை இயற்கையின் கொடை என்று வருணிக்கும். அது பாதி உண்மை. மெடொக்கின் பெரும்பகுதி முன்னர் சதுப்பு நிலம். பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரை அழைத்து வாய்க்கால் வெட்டி வடித்த பிறகே பல இடங்கள் பயிருக்கு உதவின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலொக்செரா என்ற சிறு பூச்சி வேரை உறிஞ்சிக் கொடிகளைக் கொன்றபோது, அமெரிக்க வேர்க்கட்டைகளில் உள்ளூர்க் கொடியை ஒட்டி மறுபடியும் நட்டார்கள். இன்று அங்கு காணும் கொடி ஏறக்குறைய எல்லாமே ஒட்டுக் கொடி. குளிரில் குனிந்து கவாத்துச் செய்கிறவரும், அறுவடைக் காலத்தில் கூலிக்கு வந்து பழம் வெட்டுகிறவரும் இல்லாமல் அந்தப் பச்சை வரிசை ஒரு வருடம்கூட நிற்காது. பாதையோர அறிவிப்புப் பலகைகளில் மாளிகைகளின் வரலாற்றோடு இந்த உழைப்பின் வரலாறும் இடம்பெற வேண்டும்.

கிழக்குக் கரையில் பூருக்கும் பிளாய்க்கும் இடையே சுண்ணாம்புப் பாறைக்குக் கீழே ஒடுங்கிய வீதியொன்று நீரோரமாகச் செல்கிறது. மரக்கால்களில் நிற்கும் சிறு குடில்களிலிருந்து சதுர வலையை இறக்கி ஏற்றி மீன் பிடிப்பதை அக்கரையோரங்களிற் காணலாம். பிளாய் கோட்டைக்கு எதிரே, நீருக்கு நடுவில் புதிய தீவு என்று ஒரு தீவு. ஒருகாலத்தில் குடும்பங்கள் குடியிருந்து அணை கட்டிப் பயிர் செய்த இடம். உழவர் வெளியேறினார்கள். 1991இல் கரையோரப் பாதுகாப்புக்கான அரச நிறுவனம் அதை வாங்கியது. 2010இல் வந்த சிந்தியா புயலில் அணை உடைந்தது. நீர் புகுந்த நிலத்தை இயற்கைக்கே விட்டார்கள். பறவைகள் வருகின்றன; பயணிகள் படகிற் போய்ப் பார்க்கிறார்கள். பறவைக்கு அது நல்லதுதான். ஆயினும் நிலத்தை விட்டு வந்த அனுபவம் உள்ளவர்களால், ஆளில்லாத வீட்டை வெறும் அழகாகப் பார்க்க முடியாது. அங்கே யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்பதையும் பயணிக்குச் சொல்வதே நேர்மை.

பாதை காப்பாற்றாதவை

பிரான்சில் சிவப்பு வைன் குடிப்போர் தொகை குறைந்துவிட்டது. 2017இலும் 2021இலும் ஏப்ரல் மாத உறைபனி தளிரைக் கருக்கியது. சந்தையில் விலை விழ, சிறு தோட்டக்காரர் கடனில் விழுந்தார்கள். 2022 டிசம்பரில் அவர்கள் போர்டோ வீதிகளில் ஊர்வலம் போனார்கள். 2023இல், சுமார் 9,500 ஹெக்டேயர் வரை கொடிகளைப் பிடுங்க, ஹெக்டேயருக்கு 6,000 யூரோ கொடுக்கும் திட்டம் வந்தது. நட்டவனுக்கே பிடுங்கக் கூலி! பெருமாளிகைகள் தாக்குப் பிடிக்கும். தகப்பனும் மகனுமாக நடத்தும் தோட்டம் தாக்குப் பிடிக்காது. சைக்கிளில் வரும் விருந்தினர் எத்தனை பேரானாலும் இந்தக் குழியை நிரப்ப மாட்டார்கள்.

மருந்தின் கதையும் முடியவில்லை. 2014 மே மாதம் பிளாய்க்கு அருகே வில்நெவ் கிராமத்தில், பாடசாலையை அடுத்த தோட்டங்களில் பங்கசுக் கொல்லி தெளித்தபோது 23 பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் சுகவீனமுற்றார்கள். நீல மருந்திலுள்ள செப்பும் ஆண்டாண்டாக மண்ணில் சேர்ந்துகொண்டே போகிறது. பயணி ஒரு நாள் அந்தக் காற்றைச் சுவாசித்துப் போய்விடுவான். பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள். பாதை வந்ததனால் தெளிக்கும் நேரமும் தூரமும் கண்டிப்பாகுமென்றால், அது பயணிக்காக அல்லாமல் அந்தப் பிள்ளைகளுக்காக நடக்கட்டும்.

ஆகவே நம் முடிவு இது. முந்திரிகை நாட்டுச் சைக்கிள் பாதை நல்ல முயற்சி. நிலத்தைத் தின்னாமல், பொதுச் சொத்தைக் காத்து, சிற்றூருக்குள் ஆளை அழைத்து வருகிறது. ஆனால் ஒரு பாதையின் வெற்றியை அதில் ஓடிய சக்கரங்களைக் கொண்டு எண்ணக்கூடாது. அதன் ஓரத்தில் எத்தனை வீடுகளில் இன்னும் அடுப்பு எரிகிறது, எத்தனை வரிசைக் கொடிக்கு இவ்வருடமும் கவாத்து நடந்தது என்று எண்ண வேண்டும். பிடுங்கிய கொடிக்குப் பணம் கொடுக்கிற அரசு, அடுத்து அந்த மண்ணில் என்ன விளையும், அதை யார் வாங்குவார் என்பதற்கும் உழவரோடு உட்கார்ந்து விடை தேட வேண்டும்.

அன்று வீதியோரக் கொடிக்கு நீலம் பூசியவன் வழிப்போக்கரைக் கண்டு அஞ்சினான். இன்று அவன் பேரப்பிள்ளைகள் வழிப்போக்கரை வரவேற்கக் கற்றிருக்கிறார்கள். வரவேற்க அவர்கள் அந்த மண்ணிலேயே தொடர்ந்து இருக்க வழி செய்வதுதான் மிச்சமுள்ள வேலை.