கேட்க வேண்டிய கேள்வி

இரவு பதினொரு மணிக்கு மேல் தொலைபேசி ஒலித்தால் வயிற்றைப் பிசையும். அன்று அழைத்தது அக்கா மகள். 24 வயது. வடக்கே ஒரு நகரத்தில் வேலை. “சித்தி, ஒண்ணு கேக்கணும். அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?” என்று ஆரம்பித்தாள். பிறகு சற்று நேரம் பேச்சே இல்லை.

மூன்று வாரங்களாக வெள்ளைப்படுகிறது. அரிப்பு, அடிவயிற்றில் வலி. தோழி சொன்னாள் என்று ஒரு பெண் மருத்துவரிடம் போயிருக்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த முதல் கேள்வி, “கல்யாணம் ஆயிடுச்சா?” இல்லை என்றாள். அது உண்மை. மருத்துவர் வேறெதுவும் கேட்காமல், பரிசோதிக்காமல் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாத்திரை தீர்ந்துவிட்டது. தொந்தரவு தீரவில்லை. இப்போது வேறொரு மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். அவர் ‘உள்ளே பார்க்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மூன்று இரவுகளாகத் தூக்கமில்லை.

“கல்யாணம் ஆகலை சித்தி. ஆனா...” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பெண் விடுதலை பற்றிப் பக்கம் பக்கமாக மொழிபெயர்த்தவள்தான் நான். ஆனாலும் வீட்டுப் பெண் என்று வரும்போது நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்கிறது. நல்லவேளை, அது தொலைபேசியில் கேட்காது. அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவர் அந்த மருத்துவர்.

நம் ஊர் மருத்துவமனைகளில் ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்பது திருமணத்தைப் பற்றிய கேள்வி அல்ல. ‘உடலுறவுப் பழக்கம் உண்டா?’ என்பதற்கான மொழிபெயர்ப்பு. மோசமான மொழிபெயர்ப்பு. மருத்துவருக்குத் தெரிய வேண்டியது ஒன்று, பெண் பதில் சொல்வது வேறொன்றுக்கு. நடுவில் நோய் தப்பித்துக்கொள்கிறது.

சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்கிறது நன்னூல். அதில் நாம் வல்லவர்கள். ‘வீட்டுக்குத் தூரம்’, ‘முழுகாமல் இருக்கிறாள்’, ‘கீழே வலிக்கிறது’ என்று பேசியே பல தலைமுறைகள் பிள்ளை பெற்றுவிட்டோம். முதுகலை வகுப்பில் சங்கப் பாடல்களில் ‘அல்குல்’ என்ற சொல் வரும்போதெல்லாம் எங்கள் பேராசிரியர் ‘இடை’ என்று சொல்லிவிட்டு அடுத்த அடிக்குத் தாவிவிடுவார். பின்னாளில் ஒரு சுகாதாரத் துண்டுப் பிரசுரத்தை மொழிபெயர்த்தேன். ‘யோனி’ என்று எழுதினேன். முதலில் பார்த்தவர் ‘பிறப்புறுப்பு’ என்று திருத்தினார். அடுத்தவர் ‘அந்தரங்கப் பகுதி’ என்றார். அச்சில் வந்தபோது ‘உடலின் மறைவான பகுதிகள்’ ஆகிவிட்டிருந்தது. அக்குளைப் பற்றிய பிரசுரம் என்றே பலர் நினைத்திருக்கக்கூடும்.

பெயரில்லாத இடத்தை ஒரு அந்நியர் பார்க்கப்போகிறார், தொடப்போகிறார் என்றால் பயம் வராமல் என்ன செய்யும்? எனக்கு 26 வயதில் அது நடந்தது. பெரிய மருத்துவமனை. ‘ஏறிப் படும்மா, காலை அகட்டு’ என்ற இரண்டு கட்டளைகளைத் தவிர யாரும் எதுவும் சொல்லவில்லை. திரைச்சீலை பாதிதான் மூடியிருந்தது. உள்ளே மூன்று பயிற்சி மாணவர்கள் நின்றார்கள். அவர்கள் இருக்கலாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. சில்லென்று இரும்பு பட்டதும் உடம்பு தூக்கிப்போட்டது. “இதுக்கே இப்படின்னா பிள்ளை எப்படிப் பெத்துக்குவே?” என்றார் செவிலியர். வலி அன்றே போய்விட்டது. அந்த வாக்கியம் போகவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடங்கள் எந்தப் பெண் மருத்துவர் படியையும் நான் மிதிக்கவில்லை.

அதனால்தான் அக்கா மகளிடம் ‘இதெல்லாம் ஒண்ணுமில்லை, பயப்படாதே’ என்று நான் சொல்லவில்லை. என்ன நடக்கும் என்று சொன்னேன்.

முதலில் பேச்சு. கடைசியாக மாதவிடாய் வந்த தேதி, எத்தனை நாள் சுழற்சி, என்ன மருந்து சாப்பிடுகிறாய், எது ஒத்துக்கொள்ளாது. எழுதிக்கொண்டு போனால் பதற்றத்தில் மறக்காது. பரிசோதனைக்கு முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். இடுப்புக்குக் கீழே உள்ள உடையை மட்டும்தான் களைய வேண்டியிருக்கும். மேலே ஒரு துணி போர்த்துவார்கள்; போர்த்தாவிட்டால் கேட்டு வாங்கலாம். மருத்துவர் முதலில் வயிற்றை அழுத்திப் பார்ப்பார். பிறகு வெளிப்புறத்தைப் பார்ப்பார். அடுத்தது ஸ்பெகுலம் என்ற கருவி. வாத்தின் அலகு போலிருக்கும். யோனியின் சுவர்களை மெல்ல விலக்கிப் பிடித்தால்தான் கருப்பையின் வாய் கண்ணுக்குத் தெரியும். அதில் சிறிய அளவும் உண்டு, சிறியதைக் கேட்கலாம். தேவைப்பட்டால் பஞ்சு சுற்றிய குச்சியால் கசிவைத் தொட்டு எடுப்பார்கள். கடைசியாக, உறை அணிந்த விரல்களை உள்ளே வைத்து, மறு கையால் அடிவயிற்றை அழுத்தி, கருப்பையும் சூலகமும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள். எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்கள். அழுத்தம் தெரியும். கூச்சமாக இருக்கும். சுரீரென்று வலித்தால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, சொல்ல வேண்டும். உடம்பை இறுக்கினால் அந்தத் தசைகளும் இறுகி வலி கூடும். மெதுவாக மூச்சை வெளியே விட்டால் அவை தளரும்.

எல்லாப் பெண்களுக்கும் எல்லா உபாதைக்கும் இது தேவை என்பதும் இல்லை. மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று வரும் பள்ளி, கல்லூரிப் பெண்களுக்குப் பெரும்பாலும் பேச்சு, ரத்தப் பரிசோதனை, வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் இவையே போதும். ‘இது எதற்காக? வேறு வழி உண்டா?’ என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

“பாத்தா தெரிஞ்சுடுமா சித்தி?” என்று கேட்டாள். பயத்தின் அடிவேர் இதுதான். தெரியாது. ஒரு பெண் உடலுறவு கொண்டவளா இல்லையா என்பதை எந்த உடல் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ‘கன்னித்தன்மைப் பரிசோதனை’க்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-இல் கூட்டாக அறிவித்தன. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் நடத்தப்பட்டுவந்த இரண்டு விரல் சோதனையை இனி யார் செய்தாலும் அது தவறான நடத்தை என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்லிவிட்டது. ஆகவே மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார் என்று பயப்படுவதைவிட, அவருக்கு வேண்டியதை நாமே சொல்லிவிடுவது மேல்.

சிலருக்கு இந்தப் பயம் வெறும் கூச்சமல்ல. சிறு வயதில் நடந்த ஏதோ ஒரு அத்துமீறலின் நினைவு அந்த மேசையில் திரும்ப வரும். அவர்கள் விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ‘எனக்கு இது மிகவும் கஷ்டம், மெதுவாகச் செய்யுங்கள்’ என்ற ஒரு வரி போதும். அதைக் கேட்டும் அவசரப்படும் மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

எழுந்து வரலாமா? வரலாம். இந்தத் துறையின் வரலாற்றில் பெண்ணின் சம்மதத்துக்கு அதிக இடம் இருந்ததில்லை என்பது உண்மை. நவீன ஸ்பெகுலத்தின் முன்னோடிகளில் ஒன்றை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் மேரியன் சிம்ஸ், 1840களில் அலபாமாவில் கறுப்பின அடிமைப் பெண்களின் மீது மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை சிகிச்சை செய்து பார்த்தவர். நியூயார்க் மத்தியப் பூங்காவில் இருந்த அவரது சிலை 2018-இல் அகற்றப்பட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? 1995-இல் தில்லியில், 44 வயதான, மணமாகாத ஒரு பெண் உதிரப்போக்குக்காக ஒரு மருத்துவரிடம் போனார். என்னவென்று கண்டறிய மயக்க மருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோது வெளியே உட்கார்ந்திருந்த வயதான தாயாரிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வயது வந்த, சுயமாக முடிவெடுக்கக்கூடிய பெண்ணின் உடம்புக்கு அவர்தான் சம்மதம் தர முடியும், தாய் தர முடியாது. கண்டறிவதற்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்று 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 25,000 ரூபாய். தொகை சிறியது, தீர்ப்பு பெரியது.

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய அரசு 2019-இல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளி உரிமை சாசனத்திலும் இது உண்டு. ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது உடன் இன்னொரு பெண் இருப்பது நோயாளியின் உரிமை. அதற்கு ஏற்பாடு செய்வது மருத்துவமனையின் கடமை. இந்தச் சாசனம் கண்ணில் படும்படி மாட்டப்பட்ட மருத்துவமனைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இவ்வளவும் ஒரு இளம் பெண்ணின் கூச்சத்துக்காகவா என்று கேட்கலாம். முதல் முறை நடத்தப்பட்ட விதம், பெண் இரண்டாம் முறை வருவாளா என்பதைத் தீர்மானிக்கிறது. எனக்கு ஏழு வருடம் ஆயிற்று என்றேனே. கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏழு வருடம் காத்திருக்காது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அது இரண்டாமிடத்தில் இருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இங்கே சுமார் 1,27,000 பேருக்குப் புதிதாக வந்தது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். இத்தனைக்கும் முன்கூட்டியே கண்டுபிடிக்கக்கூடிய நோய் அது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் அதற்கான பரிசோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். தமிழ்நாட்டில் 9.8. நாம் பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

பெரிய கருவிகள் இல்லாததுதான் காரணம் என்று சொல்ல முடியாது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரில் இருக்கும் அமிலத்தை, கருப்பை வாயில் தடவி வெறும் கண்ணால் பார்த்தே மாறுதல்களைக் கண்டுபிடித்தார்கள். அழைக்கப்பட்டவர்கள் 49,000 பேருக்கு மேல். இந்தக் கிராமங்களில் அந்த நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் ஆய்வு முடிவு வெளிவந்தது. ஆனால் அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வரவேயில்லை. செவிலியர் காத்திருந்தார், வினிகர் இருந்தது. படி ஏறித்தான் யாரும் வர வேண்டியிருந்தது.

அக்கா மகள் அந்த வாரமே போனாள். அறைத் தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். இரண்டாவது மருத்துவர் முதல் காரியமாகத் தோழியைச் சற்று வெளியே இருக்கச் சொன்னாராம். பிறகு, “எல்லாரையும் கேட்பதுதான். சிகிச்சைக்குத் தேவை என்பதால் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு நேரடியாகக் கேட்டாராம். இவளும் நேரடியாகச் சொல்லிவிட்டாள். தோழியைத் திரும்ப உள்ளே அழைத்து, ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் என்ன செய்யப்போகிறேன் என்று சொல்லிச் செய்திருக்கிறார். கிருமித் தொற்று. சரியான மருந்தில் பத்து நாளில் குணமாகிவிட்டது.

அன்று இரவும் தொலைபேசி வந்தது. மருந்தைப் பற்றியோ வலியைப் பற்றியோ அவள் அதிகம் பேசவில்லை. “நடுவுல ஒரு தடவை நிறுத்துங்கன்னு சொன்னேன் சித்தி. நிறுத்திட்டாங்க” என்றாள். அதையே இரண்டு முறை சொன்னாள்.

இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டேன். ஊரை மாற்று, வேலையைச் சொல்லாதே, உறவைக்கூட மாற்று என்றாள். மாற்றிவிட்டேன். ஆகவே இதைப் படிக்கும் எந்த அக்காவும் இது தன் மகளோ என்று தேட வேண்டாம். அந்தக் கேள்வி ஒருநாள் இரவு உங்களிடமே வரக்கூடும். அப்போது முதலில் என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டால் போதும்.