தென்பெண்ணையின் கணக்கு யார் பென்டிரைவில்?

பெரியார் பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்துக்கு,

ஓசூரிலிருந்து எழுதுகிறோம். கெலவரப்பள்ளி அணையின் மதகடியில் நுரை பொங்கும் நாட்களில் எங்கள் ஊர் செய்தியாகிறது. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வரும் கழிவுநீர் தென்பெண்ணையில் கலப்பது ஊரறிந்த செய்தி. அந்தக் கழிவுநீரில் ஒரு பகுதியைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்குத் திருப்பும் திட்டத்தை 2018இல் கர்நாடகம் தொடங்கியது. திட்ட அளவு நாளுக்கு 440 மில்லியன் லிட்டர். இதனால் கெலவரப்பள்ளிக்கு வரும் தண்ணீர் தெளிந்ததா, வரத்துதான் குறைந்ததா? பதில் சொல்ல 2018க்கு முந்தைய அளவீடுகள் வேண்டும். அந்த வருடங்களின் தண்ணீரை இனி யாரும் போய்ப் புட்டியில் பிடித்துவர முடியாது.

சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களும் 1997இல் தொடங்கிய உங்கள் பல்கலைக்கழகத்தின் எல்லை. இங்கே ஆற்று நீரையும் போர்வெல் நீரையும் அளந்து பட்டம் பெறுபவர்கள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைக்குப் பிறகு அவர்களின் ஆய்வேடு காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட்டின் ‘சோத்கங்கா’வுக்குப் போய்விடுகிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஆய்வேட்டில் இருப்பது பெரும்பாலும் சராசரியும் வரைபடமும்தான். எந்த நாள், எந்த மதகு, மழைக்கு முன்பா பின்பா என்ற மூல ரீடிங்குகள் மாணவரின் எக்செல் கோப்பில் தங்கிவிடுகின்றன. வைவா முடிகிறது, வேலை கிடைக்கிறது, மடிக்கணினி மாறுகிறது. எங்கேயும் நடப்பதுதான் இது.

எண்களை மட்டும் சேர்த்துவைத்தாலும் போதாது. எங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையையே பாருங்கள். அங்கே அகழாய்வில் இரும்புப் பொருட்களோடு கிடைத்த கரித்துண்டு பொ.ஆ.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022இல் அறிவிக்கப்பட்டபோது, தமிழ்நாட்டில் இரும்பின் வயது நான்காயிரம் ஆண்டுகளைத் தாண்டியது. அந்தத் துண்டு 130 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் அடுப்புக்கரி. ஆற்றுநீருக்கும் இதே விதிதான். இடம், தேதி, கருவி, முறை, அலகு ஆகிய ஐந்தும் கூட வராத எண்ணை அடுத்த ஆய்வாளர் தொடமாட்டார்.

தயக்கங்கள் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. ‘என் கட்டுரை வெளிவருமுன் இன்னொருவர் எடுத்துக்கொண்டால்?’ என்ற மாணவரின் பயம் நியாயமானது. தரவை இன்றே வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் பூட்டிவைக்கலாம். சிப்காட் ஆலை ஒன்று நிபந்தனையோடு கொடுத்த மாதிரியென்றால், கோப்பைத் திறக்காமல் அப்படியொன்று இருக்கிறது என்பதை மட்டும் பட்டியலில் காட்டலாம். விவசாயியின் போர்வெல் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். ‘கெட்ட தண்ணீர்’ என்று சர்வே எண்ணோடு வெளியானால் நிலத்தின் விலை விழும். ஆகவே பொதுவில் கிராமத்தின் பெயர் வரை போதும். ரகசியம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடக் கூடாது என்பதே எங்கள் கோரிக்கை. பொதுப் பணத்தில் திரட்டிய, ரகசியம் அல்லாத தரவு பொதுவில் இருக்கவேண்டும் என்பது 2012இலேயே மத்திய அரசு வகுத்த கொள்கை.

அலுவலகம் செய்யவேண்டியது அதிகமில்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கும் படிவத்தில் ஒரு வரி சேருங்கள்: மூலத் தரவு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒப்படைக்கப்பட்டதா? எந்த மென்பொருளிலும் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பாக வாங்குங்கள். ஸ்கேன் செய்த பக்கம் வேண்டாம். மாறாத அடையாள எண் ஒன்று கொடுங்கள். பிறர் பயன்படுத்தும்போது மாணவரின் பெயர் விடுபடாது. ஒரு பிரதி சேலத்தில் இருந்தால் இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஓசூர்ப் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், அவர்களோடும் பேசவேண்டியிருக்கும். ஆறு இணைப்புக் கல்லூரி பார்த்து ஓடுவதில்லை.

தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியின் அணை விவகாரத்தில் தமிழ்நாடு 2018இலேயே உச்ச நீதிமன்றம் சென்றது. இரு மாநிலங்களும் தண்ணீரின் அளவைப் பேசுகின்றன; தண்ணீரின் தரத்தைப் பேசும் நாளும் வரும். அன்று ஓர் ஆய்வேட்டின் சராசரியை நீட்டினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியே மூலப் பதிவு எங்கே என்பதாக இருக்கும்.

புதிய விதி அடுத்த கல்வியாண்டில் வரட்டும். அதற்கு முன்பே செய்யவேண்டிய ஒன்று உண்டு. தென்பெண்ணை நீரில் ஆய்வு நடத்திய வழிகாட்டிகளில் ஓய்வு பெற்றவர்களையும் பெறப்போகிறவர்களையும் பட்டியலிட்டு, ஆளுக்கொரு கடிதம் அனுப்புங்கள். ஆய்வகம் காலியாகும்போது பழைய ரீடிங் நோட்டுகள்தான் முதலில் எடைக்குப் போகின்றன.