கரிசாலையும் மாத்திரையும்: வடலூர் வட்டாரத்து நம்பிக்கை ஒன்றுக்கு மறுப்பு

நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையை ஒருமுறை தொடங்கினால் வாழ்நாளெல்லாம் அதற்கு அடிமையாக வேண்டும், அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், மூலிகைக்கோ பக்கவிளைவே கிடையாது என்னும் கருத்து தமிழகமெங்கும் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றிப் பரவியிருக்கிறது. வடலூர் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு துணையும் சேர்கிறது: வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகளார் கரிசாலை என்னும் கரிசலாங்கண்ணியையும் தூதுவளையையும் நாள்தோறும் கொள்ளச் சொன்னார், ஆகவே அவர் வழி நிற்பவருக்கு ‘இங்கிலீஷ் மருந்து’ வேண்டியதில்லை என்பது அது. 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இம்மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வந்துசேரும் காலத்தில், வந்த மாத்திரை பிரிக்கப்படாமல் அலமாரியில் தங்கிவிடுவதற்கு இத்தகைய நம்பிக்கையும் ஒரு காரணம் என்பதால், அதன் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே ஆராயத்தக்கது.

சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது முதற்பகுதி. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் வேலையைச் செய்பவை நூலினும் மெல்லிய இரத்தக் குழாய்களால் ஆன இலட்சக்கணக்கான முடிச்சுகள். கட்டுக்கடங்காத சர்க்கரையும் மிகை அழுத்தமும் இம்முடிச்சுகளைப் பல ஆண்டுகள் ஓசையின்றிச் சிதைக்கின்றன, வலியோ காய்ச்சலோ தோன்றுவதில்லை. கால் வீங்கி, பரிசோதனையில் கிரியேட்டினின் (தசைகளிலிருந்து உண்டாகிச் சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவுப்பொருள்) உயர்ந்திருப்பது தெரியவரும் வேளையில் நோயாளி பத்தாண்டுகளாக மாத்திரை உண்டிருப்பார். கண்ணுக்குத் தெரிந்தது மாத்திரை, தெரியாதது நோய், ஆகவே பழி மாத்திரையின் மேல் விழுகிறது. மெட்ஃபார்மின் என்னும் மாத்திரையின் அளவைச் சிறுநீரகத் திறன் குறையும்போது மருத்துவர் குறைப்பதும், திறன் மிகத் தாழ்ந்தால் அடியோடு நிறுத்துவதும் உண்மையே. சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டிய அம்மருந்து உடலில் தேங்கிவிடக்கூடாது என்பதே அதற்குக் காரணம். இந்த முன்னெச்சரிக்கையை ஒப்புதல் வாக்குமூலமாகப் படிப்பது பிழை. பிரிட்டனில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்து 1998இல் முடிவு வெளியான பெரும் ஆய்வில், சர்க்கரையை மருந்தால் இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழல் பாதிப்புகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. எனலாப்ரில், லோசார்டன் போன்ற கொதிப்பு மாத்திரைகளோ, சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிய நீரிழிவு நோயாளிக்குச் சிறுநீரகம் சிதையும் வேகத்தைக் குறைப்பதற்காகவே கொடுக்கப்படுகின்றன. சிறுநீரகத்தை உண்மையில் வருத்தக்கூடிய மாத்திரை வேறொன்று உண்டு: மூட்டு வலிக்காகச் சீட்டின்றி மருந்துக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கப்படும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணி. சுகர் மாத்திரைக்கு அஞ்சுபவர்கள் இதற்கு அஞ்சுவதில்லை.

தொடங்கினால் நிறுத்த முடியாது என்னும் இரண்டாம் பகுதிக்கு விடை சொல்ல நெய்வேலிச் சுரங்கமே போதும். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள மணற்பாறையில் நீர் பெரும் அழுத்தத்தோடு தேங்கி நிற்கிறது. மேலிருக்கும் மண்ணை அகற்றிவிட்டால் அந்நீர் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும் என்பதால், ஆழ்துளைக் கிணறுகள் வழியே பம்புகள் இரவும் பகலும் நீரை இறைத்து அவ்வழுத்தத்தைத் தணித்துக்கொண்டே இருக்கின்றன. சுரங்கம் பம்புக்கு அடிமையாகிவிட்டது என்று நெய்வேலியில் ஒருவரும் சொல்வதில்லை. அழுத்தம் இருக்கும்வரை இறைப்பும் இருக்கும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த செய்தி. இரத்தக் கொதிப்பு மாத்திரையின் நிலையும் ஏறத்தாழ இதுவே: நிறுத்தியதும் அழுத்தம் ஏறுவது மாத்திரை ஊட்டிய பழக்கத்தால் நேர்வதன்று, உள்ளே இருந்த நோய் மீண்டும் வெளிப்படுவதால் நேர்வது. நிறுத்தவே முடியாது என்பதும் முழு உண்மையாகாது. உடல் எடை குறைந்து, உப்புக் குறைந்து, நடை கூடினால் மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைப்பது நடைமுறையில் உண்டு. நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு உட்பட்ட, இன்சுலின் போடாத நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்த குழுவினரில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு ஓராண்டின் முடிவில் மாத்திரையின்றியே சர்க்கரை நோய் எல்லைக்குக் கீழே நின்றது. அவர்கள் நிறுத்தியது மருத்துவக் கண்காணிப்பில், அளந்து பார்த்து. பக்கத்து வீட்டார் சொல்லக் கேட்டு அன்று.

மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்பது மூன்றாம் பகுதி. உடலில் ஒரு மாற்றத்தை உண்டாக்கும் வலிமையுள்ள எப்பொருளுக்கும் வேண்டாத மாற்றத்தை உண்டாக்கும் வலிமையும் இருக்கும் என்பது மருந்தியலின் அரிச்சுவடி. தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின், அளவோடு கொடுத்தால் கீல்வாத மருந்து, அளவு மீறினால் உயிர்க்கொல்லி. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கவென்று மூலிகைக் கலவை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது, அக்கலவையில் அரிஸ்டோலோகியா என்னும் தாவரம் கலந்திருந்தது தெரியவந்தது. நம் ஊர்க் கரிசல் காடுகளில் வளரும் ஆடுதீண்டாப்பாளை அதே பேரினத்தைச் சேர்ந்தது. எதிர்ப்பக்கத்து வேடிக்கை ஒன்றும் உண்டு. மூலிகையின் எதிரியாகக் காட்டப்படும் மெட்ஃபார்மினின் மூதாதை, ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிவந்த கலேகா என்னும் செடியில் காணப்பட்ட வேதிப்பொருளே ஆகும். ஆகவே செடியா, மாத்திரையா என்று கேட்பதைவிட எப்பொருள், எவ்வளவு, எந்த நோய்க்கு, எந்த உடலுக்கு என்று கேட்பதே பயனுடையது. கரிசலாங்கண்ணி என்ற ஒரே பெயரில் வெள்ளைப் பூவுடைய செடியும் மஞ்சள் பூவுடைய செடியும் ஆக இரு வேறு தாவரங்கள் வழங்குகின்றன என்பதை அறியாமலே பொட்டலத்தில் தூள் வாங்குவோருக்கு முதற்கேள்விக்கே விடை தெரிந்திருக்காது.

இனி வள்ளலார். இங்கேதான் நிதானம் மிகவும் தேவைப்படுகிறது. ஏனெனில் அவரைத் துணைக்கு அழைப்போரில் பலர் அவருடைய உரைநடையை முழுதாகப் படித்தவர்களாகத் தெரியவில்லை. அன்றாட ஒழுங்கைக் குறித்து அவர் எழுதிய ‘நித்திய கரும விதி’ விடியலுக்கு முன் எழுவதையும், அளவறிந்து உண்பதையும், வெந்நீர் அருந்துவதையும், மெல்ல உலாவுவதையும் எடுத்துரைக்கிறது. புளியையும் மிளகாயையும் குறைத்து மிளகையும் சீரகத்தையும் கூட்டச் சொல்கிறது. எல்லாவற்றிலும் குறிப்பாக, உப்பைக் குறைத்துக்கொள்வது உடல் நீடிக்க ஏதுவாகும் என்கிறது. நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்வதையும், கொதிப்பு நோயாளியிடம் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்குமாறு செவிலியர் சொல்வதையும் இதனோடு வைத்துப் பார்த்தால், வள்ளலாருக்கும் செவிலியருக்கும் இடையே மூட்டிவிடப்பட்ட பகை கற்பனையானது என்பது விளங்கும். கரிசாலையைத் தவறாது உண்டுகொண்டு உப்பைக் குறைக்காதவர், அந்நூலில் தமக்கு இனித்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டவர்.

அந்நூலை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்ற வேண்டும் என்போர் இன்னொன்றையும் எதிர்கொண்டாக வேண்டும். காலையில் பாக்கை மிகுதியாகவும் சுண்ணாம்பைக் குறைவாகவும் வைத்து வெற்றிலை போடுவதும் அதே விதியில் உண்டு. புகையிலை சேராவிடினும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தி வெளியிட்டது 2004இல். 1874இல் சித்தி அடைந்த அடிகளாருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. தம் காலத்தில் கிடைத்த அறிவைத் தொகுத்து மக்கள் நலனுக்காக அவர் வழங்கினார் என்பதே அதன் பொருள். மேலும், 1867இல் வடலூரில் தருமச்சாலையை நிறுவியபோது அதனோடு சேர்த்து அவர் எண்ணிய சாலைகளுள் வைத்தியசாலையும் ஒன்று. உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி முதலாக வரிசைப்படுத்திய அவர், பிணியைப் போக்குவதையும் சீவகாருண்யத்தின்பாற்பட்டதாகவே கொண்டார். அப்படிப்பட்டவரின் பெயரால் பிணிக்கான மருந்தைத் தடுப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்நம்பிக்கை வளர்ந்ததில் மருத்துவத் துறையின் பங்கையும் மறைக்கலாகாது. நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் “உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாம போடுங்க” என்ற இரு வாக்கியங்களோடு அறிவுரை முடிந்துவிடுகிறது. ஏன் என்ற விளக்கம் கிடைப்பதில்லை, அந்த வெற்றிடத்தைக் கைப்பேசியில் வரும் காணொளி நிரப்புகிறது. நாட்டு மருந்து சாப்பிடுவதாகச் சொன்னால் திட்டு விழும் என்று அஞ்சி நோயாளி அதை மறைக்கிறார். தூளும் மாத்திரையும் ஒருசேரச் சர்க்கரையை மிகவும் தாழ்த்தி மயக்கம் வரும்போதும் காரணம் புலப்படாமல் போகிறது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து வடலூரில் சோதி காண நடந்துவரும் நீரிழிவு நோயாளிக்கும் இதே ஆபத்து உண்டு. உண்ணா நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் ஒரே வளாகத்துக்குள் சித்த மருத்துவப் பிரிவும் இயங்குவதால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. கரிசாலைத் தூள் உண்போர், அடுத்த முறை இரத்த அழுத்தம் பார்க்கப் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் எடுத்துச் சென்று செவிலியரிடம் காட்ட வேண்டும். அதுவரை மாத்திரையை நிறுத்தாதிருக்க வேண்டும்.