மேடையில் ஔவை, அடுக்களையில் மகள்

தமிழ்விழா நடைபெறும் ஊர்களில் எல்லாம் ஒரு காட்சியைக் காணலாம். மேடைமேல் நிற்கும் பேச்சாளர் கழகக் காலப் பெண்பாற் புலவர்தம் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குவார். 'இப்பெருமை வேறு எம்மொழிக்கு உண்டு?' என்று முழங்குவார். கைதட்டல் கூரையை அதிரச் செய்யும். அதே வேளையில் அவர்தம் மனைவியும் மகளும் கொட்டகைக்குப் பின்புறம் நூற்றுவர்க்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பர். அப்பேச்சு அவர்கள் செவியில் விழுந்ததா என்பதே ஐயம்.

பேச்சாளர் சொல்வதில் பொய்யில்லை. கழகத் தொகைநூல்களில் பெண்பாற் புலவர் முப்பதின்மர்க்கு மேற்பட்டோர் உளர். அரசியும் உண்டு, குறமகளும் உண்டு, மண் பிசைந்து கலம் வனையும் குடியிற் பிறந்தவரும் உண்டு. ஔவையார் பெயரால் மட்டும் 59 பாக்கள் உள்ளன. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது போனவர் அவர். போர்முகம் காணாத படைக்கலங்களுக்கு நெய் பூசி மாலை சூட்டி வைத்திருந்த அவ்வேந்தனிடம், அவன் பெருமையைப் பேசுவார்போல் அவன் போரறியாமையை எடுத்துக்காட்டியவர். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடி, ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் பரிசாகப் பெற்றார் என்று அப்பத்தின் பதிகம் கூறும்.

இவர்கள் எல்லாரினும் எண்ணியெண்ணி வியக்கத்தக்கவர் வெண்ணிக் குயத்தியார். நீடாமங்கலத்துக்கு அருகில் இன்று கோவில்வெண்ணி எனப்படும் ஊரே அவ்வெண்ணி. அங்கு நடந்த போரில் கரிகால் வளவன் சேரமான் பெருஞ்சேரலாதனை வென்றான். முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணிய சேரமான் வடக்கிருந்து உயிர் துறந்தான். வென்றவனை நோக்கிப் பாடுகிறார் குயத்தியார். காற்றையும் ஏவல்கொண்டு கடலிற் கலம் செலுத்திய அவன் முன்னோர் திறத்தை முதலில் புகழ்கிறார். பிறகு, வென்ற நின்னைவிட, நாணி வடக்கிருந்தானே அவன் நல்லவன் அல்லனோ என்று அவனையே வினவுகிறார். வெற்றிக் களிப்பில் இருக்கும் வேந்தனை மட்கலம் வனையும் குடிப்பெண் ஒருத்தி இவ்வாறு கேட்க இடமிருந்தது. கேட்டதை அழியாமல் ஓலையிற் காக்கவும், தொகுத்தோர் அதைப் புறநானூற்றில் வைக்கவும் மனமிருந்தது. பெயர்ப்பட்டியலை அடுக்குவோர் இவ்வொரு பாட்டையாவது நின்று படித்தல் வேண்டும்.

ஆயினும் உண்மையை நடுநிலை பிறழாது சொல்லவேண்டும். பழந்தமிழகம் பெண்ணுக்குப் பொன்னுலகமாய் இருந்தது என்று எழுதுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது. பூதப்பாண்டியன் இறந்தபின் தீப்புகத் துணிந்த அவன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடிய பாட்டும் அதே புறநானூற்றில்தான் இருக்கிறது. தடுக்க வந்த சான்றோரிடம் அவர் எடுத்துரைப்பது என்ன? நெய் தீண்டாத, கையாற் பிழிந்த நீர்ச்சோறு, வெந்த வேளைக்கீரை, பாயில்லாப் பருக்கைக்கற் படுக்கை. இவற்றோடு கைம்மை நோற்பது தம்மால் ஆகாது. தமக்குத் தீயும் பொய்கையும் ஒன்றே என்கிறார். கடல்வழிச் செலவில் பெண்ணை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லையென்று வரைந்தவரும் தொல்காப்பியரே. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, பெண்ணடிமை முழுவதும் வடக்கிலிருந்து வந்தது என்பது எளிது. மனுநூல் அவ்வடிமையை இறுக்கிற்று. மகளைக் கொடைப்பொருளாக்கும் 'கன்னிகாதானம்' நம் மணப்பந்தலில் நுழைந்தது. இவை மறுக்கமுடியாதவை. ஆனால் வந்த பூட்டை வாங்கி மாட்டிக்கொண்ட கதவு நம்முடையது.

இடைக்காலத்தைப் பற்றி மிகுதியாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் பாடினர். செம்பியன் மாதேவியார் கற்றளிகள் பல எடுப்பித்தார். கடவுளைப் பாடிய பெண்ணுக்கும் கோயிலுக்குக் கொடுத்த பெண்ணுக்கும் இடம் இருந்தது. வேந்தனை வினவிய குயத்தியார் வழியில் வந்தோரைக் காண்பது அரிது.

தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பிலேயே ஒரு பெண் நிற்கிறார். 1916-இல் பல்லாவரத்துத் தோட்டத்தில் மறைமலையடிகளும் அவர் மகள் நீலாம்பிகையும் வள்ளலார் பாட்டொன்றில் தோய்ந்திருந்தபோது, அங்கே 'தேகம்' என்னும் சொல் நின்ற இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் நின்றிருந்தால் எத்துணை இனிதாயிருக்கும் என்ற பேச்சு எழுந்ததும், அன்றுமுதல் தூயதமிழே வழங்குவதென்று முடிவாயிற்றும் யாவரும் அறிந்தவை. அறிந்தவர்கள் அதன் பின்பகுதியை மறந்துவிடுகின்றனர். அச்சிறுமி தந்தையின் நிழலில் நின்றுவிடவில்லை. 'தனித்தமிழ்க் கட்டுரைகள்' எழுதினார். 'வடசொற்றமிழ் அகரவரிசை' தொகுத்தார். ஒவ்வொரு வடசொல்லாக எடுத்து, அதற்கு நேரான தமிழைத் தேடி வைக்கும் அவ்வேலை எத்தகையதென்பது, ஒரு பக்கமாவது அவ்வாறு எழுத முயன்றவர்க்கே தெரியும்.

1938 நவம்பர் 13-ஆம் நாள் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் அந்த நீலாம்பிகை அம்மையாரே. ஈ.வெ.இராமசாமி அவர்களைப் 'பெரியார்' என்று அழைக்க முடிவு செய்தது அம்மாநாடு. ஆடவர் இன்று நாள்தோறும் சொல்லும் பெயர் பெண்கள் கூடிச் சூட்டியது. அவ்வாண்டே திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தமிழர் படையில் ஐம்பது அகவை கடந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நடந்தார். மருத்துவர் தருமாம்பாள் அம்மையார் மறியல் செய்து சிறை புகுந்தார். பிற்றைநாளில், பிற பாட ஆசிரியரினும் குறைந்த ஊதியம் பெற்றுவந்த தமிழாசிரியர்க்காகப் போராடியவரும் இவரே. தமிழாசிரியர் பலர் இதை அறியார். அந்த முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைசென்ற பெண்கள் 73 பேர். அவர்களோடு சிறைக்குள் போன குழந்தைகள் 32.

அதன்பின் என்ன நேர்ந்தது? சட்டம் நடந்தது, வீடு நடக்கவில்லை. 1929-இல் செங்கற்பட்டுத் தன்மதிப்பு இயக்க மாநாடு பெண்ணுக்கு உடைமையில் ஒத்த உரிமை வேண்டுமென்று முடிவு செய்தது. 1989-இல் தமிழ்நாட்டு அரசு சட்டம் செய்தது. அதற்குமுன் மணமான மகளிர்க்கு அது பொருந்தவில்லை. 2005-இல் நாடு முழுமைக்குமான திருத்தம் வந்து அத்தடையும் நீங்கிற்று. நீங்கியபின்? தந்தை மறைந்த சில திங்களில், உடன்பிறந்தாளை ஆவணப் பதிவகத்துக்கு அழைத்துப்போய், 'உனக்குத்தான் சீர் செய்துவிட்டோமே' என்று கையொப்பம் வாங்கும் வழக்கம் ஓயவில்லை. அதற்கு 'விடுதலை ஆவணம்' என்று பெயர். யாருக்கு யாரிடமிருந்து விடுதலை என்று சொல்லாராய்ச்சி செய்வோர் எண்ணிப் பார்க்கட்டும். மகளுக்குத் தமிழ்ச்செல்வி என்று பெயரிட்ட வீடுகளிலும் இது நடக்கிறது.

'வீட்டைத் தமிழ்வீடாக வைத்திருப்பதே பெண்ணுக்குப் போதிய தொண்டு' என்பார் சிலர். அவ்வாறே கொண்டாலும் கணக்குப் பொருந்தவில்லை. கணவன் ஊர்தோறும் தமிழ்முழக்கம் செய்ய, பிள்ளை ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறது. பெற்றோரை 'மம்மி, டாடி' என்கிறது. கேட்டால், 'வீட்டில் அவள் ஒப்பவில்லை' என்று மனைவிமேல் பழி. அவளோடு அமர்ந்து அவர் எந்நாளேனும் இதைப் பேசினாரா? கூட்டத்துக்கு அழைத்தாரா? இதழைப் படிக்கக் கொடுத்தாரா? கொள்கை அவர் சட்டைப்பையில் இருந்தது, அடுக்களைக்கு வரவேயில்லை. வராத கொள்கையை அவள் எவ்வாறு காப்பாள்? இயக்கத்தைச் சேர்ந்த திங்களிதழ்களைப் புரட்டுக. கட்டுரை எழுதியோர் பெயர்களுள் பெண்பெயர் எத்தனை என்று எண்ணுக. பெண்கள் எழுதுவதில்லை என்பது விடையாகாது. எழுதச் சொல்லிக் கேட்டோமா என்பதே வினா.

விழா அழைப்பிதழ்களையும் பார்க்கலாம். தலைமை, முன்னிலை, சிறப்புரை, வாழ்த்துரை என்று ஆண்பெயர்கள் நிரம்பி வழியும். தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட மட்டும் ஒரு பெண். அடியில் 'மகளிர்க்குத் தனி இடம் உண்டு' என்று ஒரு வரி. வரும் தைத்திங்கள் விழாவுக்கான அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன், வெண்ணிக் குயத்தியாரைப் பற்றிப் பேச அவ்வூர்ப் பெண் ஒருத்தியின் பெயரைச் சேர்க்கலாம். அவள் அணியம் செய்துகொள்ள இரண்டு திங்கள் வேண்டும். இப்போதே சொல்லிவிடுவது நன்று. அன்றைக்குச் சோறு வடிக்க ஆடவர் இல்லாத ஊர் எதுவும் இல்லை.