காலத்தை வாங்கும் காப்பீடு

தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின்மீது விதிக்கப்பட்டுவந்த 18 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் முற்றாக நீக்கப்பட்டிருக்கிறது. நிறுவனம் எடுத்துத்தரும் காப்பீடு இல்லாத கடைக்காரர்கள், சுயதொழில் செய்வோர், ஒப்பந்தப் பணியாளர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள் ஆகியோருக்கு இது உண்மையான ஆறுதலே. ஆயினும் எந்த பாலிசி மலிவு, எது அதிகத் தொகைக்குப் பொறுப்பேற்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு தேர்வை முடித்துக்கொள்ளும் பழக்கத்தை இந்த வரிவிலக்கு வலுப்படுத்திவிடக் கூடாது. தனியாகக் காப்பீடு எடுப்பவர் செலுத்தும் பிரீமியத்தில் பெரும்பங்கு காலத்தை வாங்குவதற்கே செலவாகிறது என்பதை விளங்கிக்கொண்டால்தான், பாலிசியின் நிபந்தனைகளை எந்த வரிசையில் எடைபோடுவது என்பது தெளிவாகும்.

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டில் ஆட்கள் வேலையை முன்னிட்டு ஒன்றுசேர்கிறார்களே தவிர, நோயை முன்னிட்டு அல்ல. நலமானவர்களும் நோயுற்றவர்களும் அதில் இயல்பாகவே கலந்திருப்பதால், ஒவ்வொருவர் உடல்நிலையையும் தனித்தனியே ஆராயாமல், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்கிறது. தனியாக வருபவரிடம் அந்த நம்பிக்கை இல்லை. சிகிச்சை தேவைப்படும் என்று அறிந்தவரே காப்பீட்டைத் தேடி வருவார் என்ற ஐயம் நிறுவனத்துக்கு உண்டு. பொருளியலாளர்கள் இதைப் பாதகத் தெரிவு என்கிறார்கள். அந்த ஐயத்துக்கு எதிராக நிறுவனம் எழுப்பிக்கொண்ட வேலிதான் காத்திருப்புக் காலம்.

பாலிசி தொடங்கிய முதல் 30 நாட்களில் விபத்துச் சிகிச்சை தவிர வேறு எதற்கும் பொதுவாகப் பணம் கிடைக்காது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குப் பெரும்பாலான பாலிசிகள் 2 ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கின்றன. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் முதலிய முன்பே இருந்த நோய்களுக்கு இக்காலம் 4 ஆண்டுகள் வரை நீண்டிருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகள் அதன் உச்சவரம்பை 3 ஆண்டுகளாகக் குறைத்தன. ஆகவே, 30 வயதில் சிறிய தொகைக்கு பாலிசி எடுத்து இடைவிடாமல் புதுப்பித்துவருபவர், நோய் வரும் வயதை எட்டும்போது இந்த வேலிகளையெல்லாம் கடந்துவிட்டிருப்பார். நோய் கண்டறியப்பட்ட பின் பெரிய தொகைக்கு எடுப்பவரோ மூன்றாண்டுக் காலம் பிரீமியமும் கட்டி, மருத்துவமனைச் செலவையும் தாமே சுமக்க நேரிடும். கடந்துவந்த காத்திருப்புக் காலம் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் கணக்கில் தொடரும். ஆனால் காப்பீட்டுத் தொகையை உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். வேலையை விடுபவர்கள் நிறுவனத்தின் குழு பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ளவும் விதிகளில் இடமுண்டு. கடைசிப் பணிநாளுக்கு முன்பே இதைக் கேட்டுப் பெறாதவர்கள், பல ஆண்டுகள் சேர்த்த காலத்தை ஒரே நாளில் இழந்துவிடக்கூடும்.

இப்படிச் சேரும் காலத்தை ஒரே ஒரு பொய் அழித்துவிடக்கூடும். முன்மொழிவுப் படிவத்தில் கேட்கப்படும் நோய் விவரங்களை மறைத்தால், பின்னாளில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். பிரீமியம் கூடிவிடுமே என்று சர்க்கரை நோயை எழுதாமல் விடும்படி முகவர் சொன்னாலும், படிவத்தில் கையெழுத்திட்டவரே அதற்குப் பொறுப்பாளி. தொடர்ந்து 60 மாதங்கள் நடைமுறையில் இருந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, விவரம் மறைக்கப்பட்டதாகக் கூறிக் கோரிக்கையை மறுக்க முடியாது என்பது இன்றைய விதி. முன்பு இக்காலம் 8 ஆண்டுகளாக இருந்தது. மறுபுறம், நோயைத் தெரிவித்தவரின் நிலையை மதிப்பிட்டு பாலிசி வழங்கிய நிறுவனம், தெரிவிக்கப்பட்ட அதே நோயைக் காட்டிப் பின்னர் கைவிரிக்க முடியாது என்று மன்மோகன் நந்தா வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையை எழுதுவது அறமாக மட்டுமல்லாமல், சட்டப் பாதுகாப்பாகவும் அமைகிறது.

அடுத்து ஆராய வேண்டியது, பாலிசியின் முகப்பில் அச்சிட்டிருக்கும் தொகைக்கும் கையில் கிடைக்கும் தொகைக்கும் இடையிலான தூரம். அறை வாடகை வரம்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 5 லட்சம் ரூபாய் பாலிசியில் அறை வாடகை நாளொன்றுக்கு 1 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் என்று வரம்பிருக்க, நோயாளி 10,000 ரூபாய் அறையில் தங்கினால், குறைவது வாடகை வித்தியாசம் மட்டுமன்று. அறையின் தரத்தையொட்டி உயரும் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்குக் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் பாதியாக வெட்டப்படலாம். மொத்தச் செலவு 3 லட்சமாகவும், அதில் இந்த வெட்டுக்கு உட்படாத மருந்து, உள்பொருத்து சாதனம், பரிசோதனைச் செலவுகள் 1 லட்சமாகவும் இருந்தால், மீதி 2 லட்சத்தில் பாதியே கிடைக்கும். 5 லட்சத்துக்குக் காப்பீடு வைத்திருப்பவர் 1 லட்சத்தைக் கைப்பணத்திலிருந்து கட்டுவார். ஒவ்வொரு கோரிக்கையிலும் குறிப்பிட்ட சதவீதத்தைக் காப்பீடு எடுத்தவரே ஏற்கச் செய்யும் இணைப்பங்கு நிபந்தனையும், குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு விதிக்கப்படும் உள்வரம்புகளும் இதே வேலையைச் செய்கின்றன. இவற்றால் எழும் தகராறுகளில், நிறுவனத்தின் பதில் நிறைவளிக்காவிட்டாலோ 30 நாட்களில் பதிலே வராவிட்டாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

குடும்பம் முழுவதற்கும் ஒரே தொகையைப் பொதுவில் வைக்கும் ஃப்ளோட்டர் பாலிசி, எல்லோரும் ஒரே ஆண்டில் நோயுறுவது அரிது என்ற கணக்கில் அமைவது. இளம் தம்பதிக்கும் குழந்தைகளுக்கும் அது சிக்கனமானது. ஆனால் அதன் பிரீமியம் பொதுவாகக் குடும்பத்தில் மூத்தவரின் வயதை ஒட்டியே கணிக்கப்படுவதால், பெற்றோரையும் அதில் சேர்த்தால் செலவு கூடுவதோடு, அவர்களின் சிகிச்சைக்கே பொதுத் தொகை தீர்ந்துவிடவும் கூடும். பெற்றோருக்குத் தனி பாலிசி எடுப்பதே பெரும்பாலும் நல்லது. பெரிய தொகைக்கு நேரடியாக பிரீமியம் கட்ட இயலாதவர்களுக்கு சூப்பர் டாப்-அப் எனப்படும் கூடுதல் பாலிசி கைகொடுக்கும். இது ஓராண்டின் மொத்தச் செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகே பணம் தரும். 5 லட்சத்துக்கு அடிப்படை பாலிசியும், 5 லட்சத்தைத் தாண்டிய செலவுக்கு சூப்பர் டாப்-அப்பும் வைத்திருப்பவருக்கு ஒரே ஆண்டில் இருமுறை தலா 4 லட்சம் செலவானால், அடிப்படை பாலிசி 5 லட்சமும் மற்றது 3 லட்சமும் தரும். ஒவ்வொரு மருத்துவமனை அனுமதியையும் தனித்தனியே கணக்கிடும் சாதாரண டாப்-அப்பாக இருந்தால், எந்த ஒரு செலவும் 5 லட்சத்தைத் தாண்டாததால் அதிலிருந்து ஒரு ரூபாயும் கிடைக்காது.

இத்தனை கவனத்தோடு தேர்ந்தாலும், காலத்தை வாங்குவதற்கு இளமையிலேயே உபரி வருமானம் வேண்டும் என்ற இடத்தில் தனிமனிதரின் விவேகம் எல்லைகட்டி நிற்கிறது. தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, பின்னர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக வளர்ந்த ஏற்பாடு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு உரியது. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. வேலையோடு பிணைந்தது. மத்திய அரசு 2024 அக்டோபரில் 70 வயதை எட்டியவர்களுக்கு வருமான வரம்பின்றி விரிவாக்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் முதுமைக்கு உரியது. மாதம் 10,000 ரூபாயைச் சற்றே தாண்டி ஈட்டும் நடுத்தர வயதுச் சுயதொழில் குடும்பம் இவை மூன்றுக்கும் வெளியே நிற்கிறது. நாடு முழுவதும் இப்படி எந்த மருத்துவப் பாதுகாப்பும் இல்லாதவர்கள் குறைந்தது 30 சதவீதம், ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று நிதி ஆயோக் 2021இல் கணித்தது.

இவர்களுக்குக் குறைவது காப்பீட்டு அறிவைவிடவும் குழுவே. காப்பீடு வாங்குவதற்காக மட்டுமே குழு அமைப்பதை விதிகள் ஏற்பதில்லை. ஆனால் வணிகர் சங்கங்களும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும், ஆட்டோ ஓட்டுநர் சங்கங்களும் காப்பீட்டுக்காகத் தோன்றியவை அல்ல. தொழிலை முன்னிட்டு ஏற்கெனவே கூடியிருக்கும் இவர்களைக் குழுவாக ஏற்று, வருமான வரம்பைத் தாண்டியவர்கள் பிரீமியம் செலுத்தி மாநிலத் திட்டத்தில் சேரவும் வழி திறந்தால், காத்திருப்பு வேலிகள் பலவும் தேவையற்றுப்போகும். இப்போதைய வரி ஏற்பாடோ தனியாக வாங்குபவருக்கு விலக்களித்துவிட்டு, சேர்ந்து வாங்கும் குழு பாலிசிகளுக்கு 18 சதவீத வரியை அப்படியே வைத்திருக்கிறது. நிறுவனத்தின் துணை இல்லாதவர்கள் ஒன்றுகூடுவதற்கு விதிக்கப்படும் இந்த அபராதத்தை நீக்குவதே அடுத்த சீர்திருத்தமாக இருக்க வேண்டும்.